மழை மிகுந்த காலம், மழை பொய்த்த காலம்: பழைய மழைப்பதிவுகளைப் படித்துக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

"அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது, இப்போதுதான் மழை பொய்க்கிறது" என்று சொல்லாத ஊரே தமிழ்நாட்டில் கிடையாது. மனித நினைவில் வெள்ளம் நிற்கும், பஞ்சம் நிற்கும். சுமாராகப் பெய்துவிட்டுப் போன ஆண்டுகள் நிற்காது. மழைமானிக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் மழைப்பதிவு 1813 வரை பின்னோக்கிப் போகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றிய 1875-க்குப் பிறகு மாநிலம் முழுக்கவே ஓரளவு ஒழுங்கான பதிவுகள் உள்ளன. இவ்வளவு நீண்ட கணக்கு உலகில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தக் கணக்கிலிருந்து "இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை வறண்ட காலம்" என்று எப்படிச் சொல்வது? சராசரிக்குக் கீழே போன ஆண்டுகளை எண்ணிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. எந்த இடம், எந்தப் பருவம், எந்தச் சராசரி என்ற மூன்றும் மாறினால் விடையும் மாறும். எக்ஸெல் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடிய முறையைத் தமிழ்நாட்டுத் தரவை வைத்தே பார்க்கலாம்.

1. முதலில் கேள்வியை இறுக்குங்கள்

"தஞ்சாவூரில் வறட்சி எப்போது வந்தது?" என்று கேட்டால், எந்த வறட்சி என்று திருப்பிக் கேட்க வேண்டும். குறுவைக்கு வரும் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. மேட்டூருக்கு வருவது பெரும்பாலும் குடகிலும் காவிரியின் மற்ற மேல்பகுதிகளிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அதைத் தஞ்சாவூர் மழைமானியில் தேடினால் கிடைக்காது. சம்பாவின் பின்பகுதிக்கு உள்ளூரில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை வேண்டும். அதற்குத் தஞ்சாவூர் பதிவு சரி.

2012 முதல் 2019 வரை ஒரு முறைகூட வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை. 2020-ல்தான் அந்தத் தேதியில் மீண்டும் திறந்தார்கள். டெல்டா விவசாயிக்கு அது நீண்ட வறண்ட காலம்தான். ஆனால் அதைக் காட்ட வேண்டிய மழைப்பதிவு கர்நாடகத்தினுடையது. ஆகவே கேள்வியில் இடம், பருவம், யாருடைய தேவை என்ற மூன்றும் இருக்கட்டும். "சென்னை ஏரிகளை நிரப்பும் அக்டோபர்–டிசம்பர் மழை எந்த ஆண்டுகளில் தொடர்ந்து குறைந்தது?" என்பதுபோல.

2. ஆண்டை எங்கே வெட்டுவது?

தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மி.மீ. அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கும். மிச்சம் கோடை மழையும் கொஞ்சம் குளிர்கால மழையும்.

இங்கே ஜனவரி–டிசம்பர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தென்மேற்குப் பருவத்தில் இருநூறு மி.மீ. கூடுதலாகப் பெய்து, வடகிழக்கில் இருநூறு குறைந்தால் ஆண்டுக் கணக்கு "இயல்பு" என்று காட்டும். கடலோர மாவட்டங்களில் ஏரிகள் காய்ந்து கிடக்கும். தவிர, வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் டிசம்பர் 31-ஐத் தாண்டியும் பெய்யும். 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. நாட்காட்டிக்கு அது 2021-ன் மழை; உழவனுக்கு 2020 பருவத்தின் வால்.

நான் சொல்லும் வழி இதுதான்: பருவ வாரியாக ஒரு தொடர், ஜூன் முதல் மறு மே வரை நீராண்டாக ஒரு தொடர் என இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வருவாய்த் துறை ஆவணங்களைத் தொட்டால் மூன்றாவதாகப் பசலி ஆண்டும் வரும். பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண். 2016 ஜூலையில் தொடங்கியது பசலி 1426. "1426-ல் மழை குறைவு" என்ற குறிப்பை 2016 காலண்டர் ஆண்டுக்குப் பொருத்தினால், அடுத்த வருடக் கோடை மழை முழுவதும் தவறான இடத்தில் போய் உட்காரும்.

3. தரவு எங்கே கிடைக்கும்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம், 1901 முதல் நாடு முழுவதையும் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்த தினசரி மழைத் தரவை இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 25 முதல் 28 கி.மீ. பக்கம் கொண்டது. அதைத் திறக்கப் பைத்தான் தெரிந்த ஒரு நண்பர் வேண்டியிருக்கும். மாத அளவு போதும் என்றால், மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் 1901-லிருந்து வானிலை உட்பிரிவு (வானிலைத் துறை நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) வாரியான அட்டவணை உள்ளது. "தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால்" அதில் ஒரே உட்பிரிவு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 306 நிலையங்களைக் கொண்டு 1871 முதல் தொகுத்த மாத வரிசை, இன்னும் பின்னே போக விரும்புவோருக்கு.

கட்டத் தரவு வசதியானதுதான். ஆனால் 1901-ல் எத்தனை மழைமானிகள் இருந்தன, 1980-ல் எத்தனை இருந்தன என்பது ஒன்றல்ல. மானிகள் குறைவான காலத்தில் பக்கத்து நிலையத்தின் மழையை இழுத்து நிரப்பியிருப்பார்கள். உச்சங்கள் மழுங்கியிருக்கும். ஒரு தாலுகாவுக்காக ஆராய்பவர் கட்டத் தரவை மட்டும் நம்பக் கூடாது; ஒரு நிலையத்தின் மூலப் பதிவாவது கையில் இருக்க வேண்டும்.

செய்தி அறிக்கைகளிலிருந்து எண்களைப் பொறுக்கித் தொடர் உண்டாக்க வேண்டாம். "தாம்பரம் 49 செ.மீ." என்பதுபோல் அவை முழு சென்டிமீட்டருக்கு மாற்றப்பட்டவை, சிறு மழைகள் பட்டியலிலேயே வராது. பருவம் முழுக்கக் கூட்டினால் இந்தச் சில்லறை நல்ல தொகையாகிவிடும்.

4. சுத்தம் செய்தல்: பாதி வேலை இங்கேதான்

முதலில் பூஜ்யமும் வெற்றிடமும். "மழை இல்லை" என்பது ஒரு தகவல். "அளக்கவில்லை" என்பது தகவல் இல்லாமை. பழைய ஏடுகளில் இரண்டுக்குமே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். தட்டச்சு செய்பவர் இரண்டையும் 0 என்று அடித்துவிட்டால் இல்லாத வறட்சி ஒன்று பிறந்துவிடும். கணினிக் கோப்புகளில் வெற்றிடத்துக்கு -999 என்று வைத்திருப்பார்கள். அதை நீக்காமல் கூட்டினால் ஆண்டு மழை எதிர்மறையாக வரும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். பூஜ்யமாக மாறிய வெற்றிடம்தான் கண்ணில் படாது. ஒரு நிலையத்தில் அக்டோபர் அல்லது நவம்பர் மாதம் முழுக்க பூஜ்யமாக இருந்து, பக்கத்து மூன்று நிலையங்களில் மழை இருந்தால், அந்த மாதத்தை வெற்றிடமாக்கிவிடுங்கள்.

அடுத்தது தேதி. இந்தியாவில் மழைமானியைக் காலை 8.30-க்குப் படிப்பார்கள். அதற்கு முந்தைய 24 மணி நேர மழை, படித்த நாளின் பெயரில் பதிவாகும். சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1 மழையைத் தினசரித் தரவில் தேடுபவர்கள் டிசம்பர் 1-ல் அதைக் காணாமல் திகைப்பார்கள். தாம்பரத்தின் 490 மி.மீ. டிசம்பர் 2-ன் கணக்கில் இருக்கும். பருவக் கூட்டுத்தொகைக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் செய்தித்தாளையோ செயற்கைக்கோள் தரவையோ நாள் வாரியாக ஒப்பிடும்போது ஒரு நாள் நகர்த்தியாக வேண்டும்.

பிறகு அலகு. 1950-களின் பிற்பகுதியில் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறும்வரை மழை அங்குலத்திலும் அதன் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும் எழுதப்பட்டது. 3.25 என்றால் மூன்று அங்குலம் இருபத்தைந்து சென்ட், அதாவது 82.55 மி.மீ. இதை மி.மீ. என்று நினைத்துச் சேர்த்தால் 25 மடங்கு வித்தியாசம் வரும். மாற்றம் எந்த மாதத்தில் நடந்தது என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபடலாம். மழை நாட்களின் சராசரி அளவை ஆண்டு வாரியாக வரைந்தால் படி போல ஏறும் இடம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. தினசரித் தரவைக் கிழமை வாரியாகப் பிரித்துச் சராசரி எடுங்கள். மழைக்குக் கிழமை தெரியாது. ஆகவே ஏழு கிழமைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே வர வேண்டும். ஞாயிறு மட்டும் வறண்டும் திங்கள் மட்டும் நனைந்தும் இருந்தால், பதிவாளர் ஞாயிறன்று வரவில்லை, இரண்டு நாள் மழையைத் திங்களில் சேர்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட நிலையத்தின் மாதத் தொகையை நம்பலாம். ஒரு நாள் உச்ச மழையை நம்பக் கூடாது. மழை நாட்களின் எண்ணிக்கையையும் நம்பக் கூடாது (24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் இந்தியக் கணக்கில் அது மழை நாள்).

கடைசியாக அளவுக் குவளை. மழைமானியின் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ., 200 சதுர செ.மீ. என்று வெவ்வேறு அளவுகளில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குவளை. குவளை உடைந்து, 200-க்கு உரியதை 100-ல் பயன்படுத்தினால் மழை சரிபாதியாகக் காட்டும். புதுக் குவளை வரும்வரை அந்த ஊரில் "வறட்சி" நீடிக்கும்.

5. தொடர் ஒரே சீரானதா?

குவளை மாறியது, மானியை மரத்தடிக்கு நகர்த்தியது, பக்கத்தில் கட்டடம் எழுந்தது, தானியங்கி மானி வந்தது: இவை எதுவும் மழையை மாற்றாது, ஆனால் பதிவை மாற்றும். இதைப் பிடிக்க இரட்டைத் திரட்டு வரைபடம் என்ற எளிய வழி உள்ளது.

உங்கள் நிலையத்தின் ஆண்டு மழையை முதல் ஆண்டிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். சுற்றுவட்டாரத்திலுள்ள நான்கைந்து நிலையங்களின் சராசரியையும் அதேபோல் கூட்டுங்கள். ஒன்றைப் படுக்கை அச்சிலும் மற்றதை நிமிர்ந்த அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏறத்தாழ நேர்கோடு. உண்மையான வறட்சி எல்லா நிலையங்களையும் ஒன்றாகப் பாதிக்கும் என்பதால் கோடு வளையாது. உங்கள் மானியில் மட்டும் கோளாறு என்றால் ஓர் ஆண்டில் கோடு திசை மாறி அதன் பிறகு வேறு சாய்வில் போகும். முறிவுக்கு முந்தைய சாய்வையும் பிந்தைய சாய்வையும் வகுத்துத் திருத்தக் காரணி கண்டுபிடிக்கலாம். ஆனால் நிலைய வரலாற்றில் அந்த ஆண்டில் ஏதாவது நடந்ததற்கான குறிப்பு கிடைத்தால்தான் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. காரணம் தெரியாமல் எண்ணை இழுத்துச் சரிசெய்வதைவிட அந்த நிலையத்தை விட்டுவிடலாம்.

சென்னையில் ஒரு சிறு எச்சரிக்கை: நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் இரண்டு வேறு தொடர்கள். "சென்னை" என்று மட்டும் போட்ட கோப்பு எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இரண்டையும் ஒட்டி நீளமாக்கிய தொடரில் ஒட்டுப்போட்ட இடமே முறிவாகத் தெரியலாம்.

6. எந்தச் சராசரி?

வானிலைத் துறை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நெடுங்காலச் சராசரியைப் புதுப்பிக்கிறது. அகில இந்தியத் தென்மேற்குப் பருவத்துக்கு 1961–2010 அடிப்படையில் 880.6 மி.மீ. என்று இருந்தது, 1971–2020 அடிப்படையில் 868.6 ஆனது. 12 மி.மீ. அளவுக்கு அளவுகோலே இறங்கிவிட்டது. ஒரே மழை பழைய கணக்கில் சற்றுக் குறைவாகவும் புதிய கணக்கில் இயல்பாகவும் தோன்றலாம். இணையத்தில் கிடைக்கும் "விலகல் சதவீத"ப் பட்டியல்களில் ஒவ்வோர் ஆண்டும் அப்போதைய சராசரியோடு ஒப்பிடப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே ஒரே வரிசையில் அடுக்கக் கூடாது. மி.மீ. எண்களை எடுத்து, நீங்களே ஒரே அடிப்படைக் காலத்தோடு கணக்கிடுங்கள்.

நூறாண்டுத் தொடர் இருந்தால் முழுத் தொடரையும் அடிப்படையாகக் கொள்வது நல்லது. முப்பது ஆண்டுகளுக்குக் குறைந்தால் அது சராசரியே அல்ல. முப்பது எடுத்தாலும், அந்த முப்பதே ஒரு வறண்ட காலமாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் செழிப்பாகத் தோன்றும்.

இன்னொன்று. மழைக்குக் கீழெல்லை பூஜ்யம், மேலெல்லை கிடையாது. ஓரிரு பெருமழை ஆண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடும். அதனால் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் சராசரிக்குக் கீழே இருப்பது சகஜம். நடு எண்ணையும் (ஆண்டுகளை மழை அளவுப்படி அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) எடுத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

7. ஒவ்வோர் ஆண்டையும் தரம்பிரித்தல்

வானிலைத் துறையின் வகைப்பாடு எல்லோருக்கும் பழக்கமானது: சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு, 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60 அல்லது அதற்கு மேல் குறைந்தால் பெரும் பற்றாக்குறை. மேல்பக்கமும் இதேபோல்.

சிக்கல் என்னவென்றால், 20 சதவீதக் குறைவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அகில இந்தியத் தென்மேற்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடுவது பத்து சதவீதம் அளவுக்குத்தான். நாடு முழுமைக்கும் 20 சதவீதம் குறைந்தால் அது பேரிடர். அதனால்தான் அகில இந்திய அளவில் 10 சதவீதம் குறைந்தாலே பற்றாக்குறை என்கிறார்கள். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ சாதாரணமாகவே 25 சதவீதத்துக்கு மேல் ஊசலாடும். இங்கே 20 சதவீதம் குறைவது மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் சமாச்சாரம்.

ஆகவே தரவரிசையை நம்புங்கள். 120 ஆண்டுகளை மழை குறைந்ததிலிருந்து கூடியதாக அடுக்குங்கள். ஓர் ஆண்டின் இடத்தை, மொத்த எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டியதால் வகுங்கள். கீழிருந்து 12-வது இடம் என்றால் 12-ஐ 121-ஆல் வகுக்க, 9.9 சதவீதம். அதாவது அந்த ஆண்டு கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குள் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் கிப்ஸும் மாகரும் 1967-ல் முன்வைத்த, ஆண்டுகளைப் பத்துச் சம பங்குகளாகப் பிரிக்கும் பதின்கூற்று முறை இதுதான். கீழ்ப் பத்தில் விழும் ஆண்டு கடும் வறட்சி, அடுத்த இரண்டு பத்துகள் வறண்டவை, மேல்பக்கமும் அப்படியே என்று வைத்துக்கொள்ளலாம். விளக்குவது எளிது, யாரும் சரிபார்க்கலாம்.

வெவ்வேறு ஊர்களை ஒப்பிட வேண்டும் என்றால் எஸ்.பி.ஐ. எனப்படும் தரப்படுத்திய மழைக் குறியீடு கைகொடுக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீயும் இரு சகாக்களும் 1993-ல் உருவாக்கியது. உலக வானிலை அமைப்பு 2009-ல் இதைப் பரிந்துரைத்தது. மழையின் பரவலை ஒரு வளைவில் பொருத்தி, ஒவ்வோர் எண்ணும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும். -1 முதல் மிதமான வறட்சி, -1.5 முதல் கடுமை, -2-க்குக் கீழே மிகக் கடுமை. இலவச நிரல்கள் இருக்கின்றன, கையால் கணக்கிடத் தேவையில்லை.

அதில் எத்தனை மாதக் கணக்கு என்பதைத் தேர்வு செய்வதில்தான் கவனம் வேண்டும். ஒரு மாதக் குறியீட்டைத் தமிழ்நாட்டின் பிப்ரவரிக்குப் போட்டால் குப்பைதான் வரும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த மாதம் கிட்டத்தட்டப் பூஜ்யம், எட்டு மி.மீ. பெய்தாலே "மிக ஈரம்" என்று சொல்லும். டிசம்பர் முடிவில் பார்க்கும் மூன்று மாதக் குறியீடு வடகிழக்குப் பருவத்தை அப்படியே பிடிக்கும். நிலத்தடி நீருக்கும் ஏரிகளுக்கும் மே முடிவில் பார்க்கும் 12 மாதக் கணக்கும் 24 மாதக் கணக்கும் பொருந்தும்.

8. ஆண்டுகளிலிருந்து காலங்களுக்கு

இதுவரை செய்தது ஒவ்வோர் ஆண்டுக்கும் மதிப்பெண் போடும் வேலை. ஒரு வறண்ட ஆண்டு வறண்ட காலம் ஆகாது; ஒரு பெருமழை மாதம் செழித்த காலமும் ஆகாது. சென்னையில் 1918, 2015, 2021 நவம்பர்களில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2015-ஐ அடுத்து வந்த வடகிழக்குப் பருவம் எப்படிப் போனது என்று கீழே பாருங்கள். தமிழ்நாட்டின் பருவ விலகல் (சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது), ஏறத்தாழ முழு எண்ணில்; 2014 இயல்பை ஒட்டியிருந்ததால் பூஜ்யம் என்று வைத்திருக்கிறேன்.

| ஆண்டு | விலகல் (சதவீதம்) | திரண்ட விலகல் |
|---|---|---|
| 2012 | -16 | -16 |
| 2013 | -33 | -49 |
| 2014 | 0 | -49 |
| 2015 | +52 | +3 |
| 2016 | -62 | -59 |
| 2017 | -9 | -68 |
| 2018 | -24 | -92 |

அட்டவணையின் மூன்றாம் பத்திதான் திரண்ட விலகல்: ஒவ்வோர் ஆண்டின் விலகலையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போவது. இதை வரைபடமாகப் போட்டுப் படிக்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், சாய்வைப் பாருங்கள். கோடு தொடர்ந்து இறங்கும் இடம் வறண்ட காலம், ஏறும் இடம் மழை மிகுந்த காலம், தட்டையாகப் போனால் இயல்பு. இதற்கு முந்தைய 2005 முதல் 2011 வரை ஏழு பருவங்களும் சராசரிக்கு மேல். கோடு விடாமல் ஏறும். 2012-ல் உச்சியிலிருந்து திரும்புகிறது.

நடுவில் 2015 வந்து குழப்புகிறது. ஒரே பருவத்தில் மூன்றாண்டுப் பற்றாக்குறையும் கணக்கில் ஈடாகிவிட்டது, மூன்று சதவீதம் மிச்சம்கூட. அப்படியென்றால் 2012–2018 ஒரே வறண்ட காலமா, இரண்டு தனித்தனிக் காலங்களா? ஏரிக்கும் கிணற்றுக்கும் கேட்டால், 2015-ல் நிரம்பிவிட்டன, கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. 2016 முதல் 2018 வரைதான் காலம். மழையின் போக்கைக் கேட்டால், ஏழில் ஐந்து ஆண்டுகள் குறைவு, ஆண்டுக்குச் சராசரியாக 13 சதவீதம் குறைவு. ஒரே காலம் என்று சொல்ல இடமுண்டு. மேலும் 2015-ன் மிகை எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே அளவில் இல்லை, வட கடலோரத்தில் குவிந்தது. மாவட்ட வாரியாகச் செய்தால் விடை ஊருக்கு ஊர் மாறும்.

இதற்கெல்லாம் பிறகு முடிவெடுக்காமல், எண்களைப் பார்ப்பதற்கு முன்பே விதியை எழுதிவையுங்கள். நான் வைத்துக்கொள்ளும் விதி: கீழ் மூன்று பத்துகளில் ஒன்றில் விழும் ஆண்டில் வறண்ட காலம் தொடங்குகிறது, இடையில் வரும் இயல்பான ஓர் ஆண்டு அதை முறிக்காது, திரண்ட பற்றாக்குறையில் பாதிக்கு மேல் ஒரே ஆண்டில் ஈடாகிவிட்டால் முடிகிறது. எஸ்.பி.ஐ. பயன்படுத்துவோருக்கு மெக்கீ குழுவின் விதியே உண்டு: குறியீடு தொடர்ந்து எதிர்மறையாக இருந்து -1-ஐத் தொட்டால் அது வறட்சி, நேர்மறைக்குத் திரும்பும்போது முடிவு. உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஆனால் மழை மிகுந்த காலத்துக்கும் அதே விதியைத் தலைகீழாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

நகரும் சராசரி பற்றி ஒரு வார்த்தை. பதினோரு ஆண்டு நகரும் சராசரி போட்டால் அழகான அலைகள் வரும். முற்றிலும் தற்செயலான எண்களுக்குப் போட்டாலும் அதே அலைகள் வரும். 1920-களில் புள்ளியியலாளர்கள் யூலும் ஸ்லுட்ஸ்கியும் காட்டிய பழைய உண்மை இது. இருந்தும் "30 ஆண்டுச் சுழற்சி" கண்டுபிடிப்பவர்கள் குறைந்தபாடில்லை. திரண்ட விலகலிலும் ஒரு பொறி உண்டு. முழுத் தொடரின் சராசரியிலிருந்து கழித்தால் கோடு பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில்தான் முடிந்தாக வேண்டும். நடுவில் மலையோ பள்ளமோ வந்தே தீரும்.

9. பூவா தலையா சோதனை

2005–2011 ஏழு ஆண்டுகள் தொடர்ந்து மிகை. இது பருவநிலையே மாறியதற்கு அடையாளமா? நாணயத்தை 120 முறை சுண்டினால் எங்கேயாவது ஏழு முறை தொடர்ந்து பூ விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். 120 ஆண்டுத் தொடரில் இப்படியொரு தொடர்ச்சியைக் காண்பது ஆச்சரியமே இல்லை. காலம் உண்மையானது, அந்த ஆண்டுகளில் மழை உண்மையாகவே பெய்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய காரணம் இருந்தாக வேண்டும் என்பதுதான் நிரூபணமாகவில்லை.

உங்கள் தொடருக்கு இதை நேரடியாகச் செய்யலாம். ஆண்டு மழை எண்களுக்குப் பக்கத்தில் எக்ஸெலின் ரேண்ட் (RAND) வாய்பாட்டால் தற்செயல் எண்களை இட்டு, அதன்படி வரிசைப்படுத்தினால் ஆண்டுகள் குலுங்கிவிடும். குலுக்கிய தொடரில் மிக நீண்ட வறண்ட தொடர்ச்சி எத்தனை ஆண்டு என்று குறியுங்கள். நூறு தடவையாவது செய்யுங்கள். பைத்தான் தெரிந்தால் பத்தாயிரம். உண்மைத் தொடரில் உள்ள அளவு நீண்ட தொடர்ச்சி குலுக்கல்களில் நூற்றில் ஐந்துக்கும் குறைவாக வந்தால், அப்போது எல் நினோ (பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது), இந்தியப் பெருங்கடல் வெப்பநிலை என்று காரணம் தேடத் தொடங்கலாம்.

அங்கேயும் நிதானம் வேண்டும். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடும் என்பது பொதுவான போக்கு. 1997-ம் 2015-ம் அதற்குச் சாட்சி. ஆனால் 2010-ம் 2021-ம் அதற்கு நேர்மாறான லா நினா ஆண்டுகள், அவற்றிலும் மழை கொட்டியது.

10. வேறு சாட்சியைக் கூப்பிடுங்கள்

மழைப்பதிவு சொல்வதை வேறு ஆவணங்களோடு ஒத்துப் பாருங்கள். 1876 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது பதிவில் தெளிவாகத் தெரிகிறது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் அறிக்கைகள் அதை உறுதிசெய்கின்றன. 2016-ன் 62 சதவீதக் குறைவை 1876-க்குப் பிந்தைய மிக மோசமான வடகிழக்குப் பருவம் என்றார்கள்; 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. 2018-லும் மழை குறைய, 2019 ஜூனில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

மாநிலக் கணக்கில் 2018-ன் குறைவு 24 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். அதை மட்டும் பார்த்தால் தண்ணீர் ரயில் ஏன் என்று புரியாது. சென்னைக்கு அந்தப் பருவத்தில் இயல்பின் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் குறைவும் சேர்ந்திருந்தது. சென்னைத் தொடரை 24 மாதக் கணக்கில் போட்டால் இந்தத் திரட்சி தெரியும்.

மாவட்ட அளவில் தேடுவோர் பருவ–பயிர் அறிக்கைகள், ஜமாபந்திக் கணக்குகள் (ஆண்டுதோறும் நடக்கும் கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை), நிலவரித் தள்ளுபடி உத்தரவுகள், அணைகளின் நீர்மட்டப் பதிவுகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். வரித் தள்ளுபடியை மட்டும் முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மழையையும் சொல்லும், அன்றைய அரசின் மனநிலையையும் சொல்லும்.

11. எழுதிவைக்கும் முறை

"2012 முதல் 2018 வரை வறட்சி" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் உட்பிரிவு, அக்டோபர்–டிசம்பர் மழை, அடிப்படை 1901 முதல், கீழ் மூன்று பத்துகள் வறண்டவை, ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் ஈடானால் முடிவு. இந்த விதிப்படி 2016–2018 தனிக் காலம். முடிவு விதியை நீக்கினால் 2012–2018 ஒரே காலம்." இரண்டு விடைகளையும் தருவதில் கூச்சம் வேண்டாம்.

மூலக் கோப்பைத் தொடாமல் தனியாகச் சேமியுங்கள். எந்த மாதத்தை ஏன் வெற்றிடமாக்கினீர்கள், எந்த நிலையத்தை ஏன் விட்டீர்கள் என்பதை அதே எக்ஸெலில் இன்னொரு தாளில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு மே முடிவிலும் புதிய நீராண்டைச் சேர்க்கும்போது அடிப்படைச் சராசரியை மாற்றாதீர்கள். பத்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும், மாற்றும்போது பழைய ஆண்டுகள் அத்தனையையும் மறுபடி தரம்பிரிக்க வேண்டும்.